ஊதக்கூடாத மெழுகுதிரி

அன்பு மகனுக்கு,

இந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்பதை முதலிலேயே எண் போட்டு எழுதிவிடுகிறேன். வாயால் சொல்லத் தொடங்கினால் நடுவில் நின்றுவிடுவேன் என்பது உனக்குத் தெரியும். எண் இருந்தால் அடுத்ததற்குப் போகத்தானே வேண்டும்.

1. மிஸிஸ் லாங்கர் யார், அவரிடம் நான் பெற்றது என்ன.
2. உன் பெரியப்பாவுக்கு நான் ஏற்றும் விளக்கும், அதற்கு ஒரு நாள் கிடைத்த விதமும்.
3. உங்கள் கல்யாணத்தை அந்த நாளில் வைக்கக்கூடாது என்பதற்கான காரணங்கள்.
4. நன்றி.

நீ சனிக்கிழமைப் பள்ளியில் படித்த தமிழுக்கு இது கொஞ்சம் நீளமான கடிதம். மெதுவாக வாசி. மீராவின் அப்பா மலேசியாவில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்தான், என்றாலும் உடனே அவரிடம் கொண்டு போகாதே. இது முதலில் உனக்கு. அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லவும் வேண்டாம். அவள் என்னுடைய குரலிலேயே வாசித்துக் காட்டுவாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீயும் மீராவும் வந்து, தேத்தண்ணி ஆறுவதற்குள், "அப்பா, கல்யாண ஹோல் புக் பண்ணியாச்சு, ஒக்டோபர்" என்று சொல்லி நாளையும் சொன்னீர்கள். நான் "நல்லது, நல்லது" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த கோப்பைகளைத் திரும்பவும் கழுவினேன். மீரா பின்னால் வந்து, "மாமா, நான் துடைக்கிறேன்" என்று துணியை எடுத்தாள். அவளுக்கு ஏதோ பிழை என்று விளங்கியிருக்க வேண்டும். நல்ல பிள்ளை. என்னுடைய பழக்கத்தை நீ எடுத்துக்கொள்ளாதே. மனதில் ஒன்று இருந்தால் அவளிடம் அன்றைக்கே சொல்லிவிடு. கழுவிய கோப்பையைத் திரும்பக் கழுவுவதால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

இனி முதலாவது. மிஸிஸ் லாங்கரை உனக்குத் தெரியும், ஆனால் கசகசா கேக் தரும் ஈலிங் கிழவியாக மட்டும்தான் தெரியும். போன கிழமை அவரை அடக்கம் செய்தோம். தொண்ணூற்றாறு வயது. வியன்னாவில் பிறந்தவர். யூதப் பிள்ளைகளை அங்கிருந்து தப்ப வைத்து இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த ரயில்களில் ஒன்றில், பதினொரு வயதில், கழுத்தில் ஓர் எண் அட்டையோடு தனியாக வந்து இறங்கியவர். தாயும் தகப்பனும் பின்னால் வருவோம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வரவில்லை. குரோய்டனில் ஓர் ஆங்கிலக் குடும்பம் எடுத்து வளர்த்தது. கையுறை தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே இரவு வகுப்புக்குப் போய்ப் படித்திருக்கிறார். தன்னைப்போல வந்த ஒருவரையே கல்யாணம் செய்து, வெஸ்ட் ஈலிங்கில் திரைச்சீலைக் கடை ஒன்று போட்டு, ஒரு மகளைப் பெற்று, கணவரை இழந்து, கடையைத் தனியாக நடத்தி, மேல்மாடி அறையை வாடகைக்கு விட்டு வாழ்ந்தார். அந்த அறைக்குத்தான் நான் வந்தேன்.

ஊரில் கணிதம் படிப்பித்த ஆள், இங்கே பெற்றோல் ஷெட்டில் மாலை ஷிப்ட். வந்த புதிதில் படியில் சத்தம் வரக்கூடாதென்று செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஏறுவேன். நாலாம் நாள் மிஸிஸ் லாங்கர் படிக்கு அடியில் நின்று, "இந்த வீட்டில் ஒரு திருடன் இருக்கிறான், ஆனால் வாடகை தருகிறான்" என்றார். அன்றிலிருந்து செருப்போடுதான் ஏறினேன். நான் சம்பல் இடிக்கும் நாளில் மணத்துக்கு வந்து, ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டு, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "இது உணவில்லை, தண்டனை" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் தட்டை நீட்டுவார். பாண் துண்டு ஒன்றைக்கூட எறியமாட்டார். காய்ந்ததை அரைத்து, அதிலும் ஒரு கேக் செய்துவிடுவார்.

குரோய்டனில் எனக்கு அகதி விசாரணை வந்த அன்று நடந்ததை நீ அறிய வேண்டும். எனக்கு விடிகாலையிலிருந்தே வயிற்றோட்டம். நான் போகவில்லை, பிறகு எழுதிக் கேட்கலாம் என்று சொன்னேன். அவர் கடையைப் பூட்டிவிட்டு, தன் இறந்துபோன கணவரின் டை ஒன்றை எடுத்து வந்து என் கழுத்தில் தானே கட்டினார். "நீ பயப்படக்கூடாதென்று நான் சொல்லவில்லை. பயப்படு. ஆனால் டை கட்டிக்கொண்டு பயப்படு." அந்தப் பெரிய கட்டடத்தில் மத்தியானம் தாண்டும்வரை, மடியில் சான்விச் பொதியோடு, என் பக்கத்தில் இருந்தார். தான் வளர்ந்த ஊர் என்பதால் வழியெல்லாம் காட்டிக்கொண்டு வந்தார்: இந்த மூலையில்தான் முதன்முதலாக ஆங்கிலத்தில் என்னை யாரோ திட்டினார்கள், இந்தக் கடையில்தான் முதன்முதலாக நான் திருப்பித் திட்டினேன். உன்னுடைய முதல் நேர்முகத்துக்கு நான் ஒரு பழைய சிவப்பு டையைத் தந்தேனே, நீ "அப்பா, இது மியூசியத்துக்கு" என்றாயே, அது அந்த டைதான். பழையதாக இருப்பதால் அதைக் கழிக்காதே.

இரண்டாவதுக்கு வருகிறேன். என்னுடைய அண்ணையைப் பற்றி நீ கேட்ட போதெல்லாம், "அவர் ஊரில் இல்லாமல் போயிட்டார்" என்று முடித்துக்கொண்டேன். அண்ணை கூட்டுறவுச் சங்கக் கடை மனேச்சர். என்னைப்போல இல்லை, பெரிய குரல். கல்யாண வீடென்றால் அவரைப் பிடிக்க முடியாது. யாருடைய கல்யாணமாக இருந்தாலும் பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்பவர் அவர்தான். மாப்பிள்ளையைக்கூட விடமாட்டார், "வடிவாச் சாப்பிடடா தம்பி, இண்டையோட உன்ர சுதந்திரம் முடிஞ்சுது" என்பார். என்னை வெளிநாட்டுக்கு அனுப்பியவரும் அவர்தான். நான் தயங்கியபோது, "நீ போ. பயந்தாங்கொள்ளியள் தூரத்தில இருக்கிறதுதான் எல்லாருக்கும் நல்லது. அம்மாவை நான் பாக்கிறன்" என்று சொல்லிச் சிரித்தார். நான் வந்த அடுத்த வருடம் கடைக்குச் சாமான் எடுக்க வவுனியாவுக்கு பஸ் ஏறிப் போனவர் திரும்பவில்லை. பஸ்ஸில் கண்டவர்கள் இருந்தார்கள், இறங்கியதைக் கண்டவர்கள் இல்லை. முகாம் முகாமாக எங்கள் அம்மா, உன் அப்பம்மா, ஒரு வருடம் அலைந்தா. பிறகு அலைவதை நிறுத்திவிட்டுக் காத்திருக்கத் தொடங்கினா. கண் மூடும்வரைக்கும், "என்ர பிள்ளைக்கு ஒருத்தரும் தர்ப்பை போடக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தா. ஆகவே திதியும் இல்லை, திவசமும் இல்லை. செய்ய நினைத்தாலும் எந்த நாளில் செய்வது?

மிஸிஸ் லாங்கரின் வீட்டில் ஒரு நாள் காலையில் குசினிக்குள் போனேன். மேசையில் ஒரு கண்ணாடிக் கோப்பைக்குள் தடித்த மெழுகுதிரி ஒன்று எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. யன்னலில் அவருடைய கடைத் திரைச்சீலை. நெருப்பு விடயத்தில் நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியுமே, காஸை நூர்த்து அணைத்ததைப் பார்க்க மூன்று தரம் திரும்பிப் போகிறவன். ஊதுவதற்குக் குனிந்துவிட்டேன். பின்னாலிருந்து, "அதைத் தொடாதே" என்று ஒரு குரல். அப்படி ஒரு குரலை அவரிடம் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பிறகு கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருக்கச் சொன்னார். இறந்தவர்களுக்காக வருடத்தில் ஒரு நாள், ஒரு நாள் முழுக்க எரியும் மெழுகுதிரி ஏற்றுவது அவர்களுடைய வழக்கம். நம் திதியைப் போல அவர்களும் அந்த நாளைச் சந்திரக் கணக்கில்தான் பார்ப்பார்களாம். ஆனால் தாயும் தகப்பனும் எந்த முகாமில், எந்த நாளில் என்பது அவருக்குத் தெரியாது. அப்படியானால் இன்றைக்கு ஏன் என்று கேட்டேன். தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டே சொன்னார்: யுத்தம் முடிந்த பிறகும் ஒவ்வொரு காலையும் தபால்காரன் வருகிறானா என்று யன்னலில் நின்று பார்த்தாராம். ஒரு நாள் பார்க்க மறந்துவிட்டார். மாலையில்தான் மறந்தது நினைவுக்கு வந்ததாம். "எனக்கு அவர்கள் இறந்த நாள் அதுதான்" என்றார். தபால்காரன் ஆங்கிலக் கலண்டர்படி நடப்பவன், அதனால் தானும் ஆங்கிலத் தேதியையே வைத்துக்கொண்டதாகச் சொன்னார்.

அன்றைக்குத்தான் நான் அண்ணையைப் பற்றி இந்த நாட்டில் முதன்முதலாக ஒருவரிடம் வாய் திறந்தேன். அவர் கவனமாகக் கேட்டார். எனக்கும் ஒரு நாள் வேண்டும் என்று தோன்றியது. ஆனால் நான் அவரைப்போல இல்லையே. அண்ணை பஸ் ஏறிய நாள், அம்மா தேடுவதை நிறுத்திய நாள், இரண்டுக்கும் நடுவிலுள்ள நாள் எது என்று பல மாதங்களாகக் கணக்குப் பார்த்தேன். லீப் வருடம் வேறு குறுக்கே வந்தது. கடைசியில் கணக்கை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு முழுவதையும் பார்த்தார். "உன் அண்ணனுக்கு நீ சராசரி கண்டுபிடித்திருக்கிறாய்" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அப்படியென்றால் எப்படித் தீர்மானிப்பது என்று கேட்டேன். நாளைக்கு உனக்கு ஷிப்ட் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் நாளைக்கு என்றார். நாளைக்கு என்பதற்கு ஒரு காரணமும் இல்லையே என்று நான் சொன்னபோது, "அவனைக் காரணம் இல்லாமல் கொண்டுபோனார்கள். நாளுக்கு மட்டும் காரணம் வேண்டுமா?" என்றார். அம்மா உயிரோடு இருக்கிறா, அவவின் சொல்லை மீறக்கூடாதே என்றும் பயந்தேன். விளக்கு ஏற்றுவது ஒருவனை இறந்தவன் என்று அறிவிப்பது அல்ல, நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்வது மட்டும்தான் என்றார். அடுத்த நாள் ஈலிங் அம்மன் கோயிலடியில் ஒரு சின்னப் பித்தளை விளக்கு வாங்கி, அவருடைய குசினி மேசையில் ஏற்றினேன். அந்த நாள்தான் நீங்கள் ஹோல் எடுத்திருக்கிற நாள்.

ஏழு வயதில் நீ, "அப்பா, இந்த விளக்கு ஆருக்கு?" என்று கேட்டாய். "சாமிக்கு" என்றேன். நீ அதை நம்பிவிட்டாய். நம்பியதால்தான் இப்போது தெரியாமல் அந்த நாளை எடுத்தாய். இதில் உன்னுடைய பிழை எள்ளளவும் இல்லை.

மூன்றாவது. காரணங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த நாளில் இத்தனை வருடமும் நான் மச்சம் மாமிசம் தின்றதில்லை, யாரோடும் அதிகம் கதைத்ததில்லை. பட்டு வேட்டியோடு வாசலில் நின்று பன்னீர் தெளித்துச் சிரிக்க அன்றைக்கு எனக்கு ஏலாது. சிரித்தால் அண்ணைக்குச் செய்யும் துரோகம், சிரிக்காவிட்டால் உனக்குச் செய்யும் துரோகம். இன்னொன்று, நான் சகுனம் பார்க்கிறவன் அல்ல என்று சொல்லிக்கொள்வேன், ஆனால் பயப்படுகிறவன். ஒரு துக்க நாளில் உன் வாழ்க்கை தொடங்க வேண்டாம். கடைசிக் காரணம்தான் உண்மையான காரணம். கல்யாண நாளின் ஆரவாரத்தில் நான் விளக்கை மறந்துவிடுவேன். மறதி எனக்கு வரத் தொடங்கிவிட்டது, அம்மா உன்னிடம் சொல்லியிருக்கமாட்டாள். அண்ணைக்குப் பிள்ளைகுட்டி இல்லை, கல்லறை இல்லை, ஒரு படம்தான் உண்டு, அதிலும் பாதி முகம் வாழை இலைக்குப் பின்னால். அந்த விளக்கு ஒரு வருடம் எரியாவிட்டால் அப்படி ஒரு மனிதர் இருந்தார் என்பதற்கு உலகத்தில் வேறு ஒன்றும் இல்லை. ஆகவே ஒரு கிழமை முன்னுக்கோ பின்னுக்கோ மாற்ற முடியுமா என்று பார். மீராவின் வீட்டாரோடு நானே பேசுகிறேன்.

இவ்வளவும் முந்தாநாள் எழுதி நிறுத்தினேன். இனி எழுதுவது இன்றைக்கு.

நேற்று நானும் அம்மாவும் மிஸிஸ் லாங்கரின் மகள் ரூத்தின் வீட்டுக்குப் போனோம். அடக்கம் முடிந்து ஏழு நாள் அவர்கள் துக்கம் காப்பார்கள், வருகிறவர்கள் சாப்பாடு கொண்டுபோக வேண்டும். நம் செத்த வீட்டைப் போலவே அடுப்பு மூட்டுவதில்லை. அம்மா கத்தரிக்காயும் பருப்பும் சமைத்துக்கொண்டு வந்தாள். ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து ரயிலில், சட்டி மடியில் சூடாக. கதவு திறந்தே கிடந்தது. நான் மணியை அடித்துவிட்டு நின்றேன். உள்ளே இருந்து யாரும் வரவில்லை. "துக்க வீட்டில ஆரப்பா மணி அடிக்கிறது?" என்று அம்மா என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ரூத், துக்கக்காரர் இருக்கும் உயரமில்லாத பதிந்த கதிரை ஒன்றில் இருந்தாள். அவளுக்கும் எழுபது வயது ஆகிவிட்டது. பருப்பைக் கண்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. துக்கத்தில் பருப்பு சாப்பிடுவதுதான் அவர்களுடைய வழக்கமாம், அம்மாவுக்கு யார் சொன்னது என்று கேட்டாள். ஒருவரும் சொல்லவில்லை, வீட்டில் பருப்புத்தான் இருந்தது என்றாள் அம்மா.

அடக்கத்தில் நான் விட்ட பிழைக்கு ரூத்திடம் மன்னிப்புக் கேட்டேன். அங்கே ஒவ்வொருவரும் சவளால் மண் போட வேண்டும். நான் போட்டு முடித்து, பெரியவர்களுக்குக் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் சவளை அடுத்தவரிடம் நீட்டினேன். அவர் தலையை ஆட்டி, மண்ணில் குத்தி வைக்கச் சொன்னார். துக்கத்தைக் கைக்குக் கை கொடுக்கக்கூடாதாம், அவரவர் தாமாகவே எடுக்க வேண்டுமாம். ரூத் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. "அம்மா பார்த்திருந்தால் ரசித்திருப்பாள்" என்றாள். பிறகு அந்தக் குசினி மெழுகுதிரியைப் பற்றிப் பேச்சு வந்தது. நான் அதை ஊதப் போனதைச் சொன்னேன்.

ரூத் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அது என் பிறந்தநாள், உங்களுக்குத் தெரியாதா?" எனக்குத் தெரியாது. மாலையில் எனக்கு எப்போதும் ஷிப்ட், அவள் கேக்கோடு வந்து போயிருப்பாள். மிஸிஸ் லாங்கர் தபால்காரனை மறந்த அதே தேதியில், பல வருடம் கழித்து, அவருக்கு ரூத் பிறந்திருக்கிறாள். சின்ன வயதில், எல்லாப் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கும் கேக்குக்குப் பக்கத்தில் ஊதக்கூடாத பெரிய மெழுகுதிரி ஒன்று இருக்கும் என்று ரூத் நினைத்திருந்தாளாம். சிநேகிதி ஒருத்தியின் வீட்டில் அதைக் காணாமல், "உங்கள் பெரியது எங்கே?" என்று கேட்டிருக்கிறாள். விளங்கும் வயது வந்தபோது தாயிடம் கோபித்தாளாம், என் பிறந்தநாளிலா அதை வைக்க வேண்டும், நீயே தெரிந்தெடுத்த நாள்தானே, மாற்றினால் என்ன என்று. அதற்குத் தாய் சொன்னது: "என் கல்யாணத்துக்கு அவர்களால் வர முடியவில்லை. உன் பிறந்தநாளுக்கு வருகிறார்கள். வீடு தேடி வருகிறவர்களை இன்னொரு நாள் வா என்று சொல்வதா?"

அங்கே இருந்தபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். சொல்லிக்கொண்டு வெளிக்கிடும் வழக்கம் துக்க வீட்டில் அவர்களுக்கும் இல்லை, நமக்கும் இல்லை, பேசாமல் எழுந்து வந்தோம். ரயிலில் வெறும் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு அம்மா கேட்டாள், "உங்கட அண்ணை உங்கட கலியாணத்துக்கு வந்தவரோ?" இல்லை. அவள் இங்கே வந்து சேர்ந்தபோது அண்ணை இல்லாமல் போயிருந்தார். பதிவுக் கந்தோரில் நாலு பேரோடு நடந்த கல்யாணம், பந்தியே இல்லை. மிஸிஸ் லாங்கர்தான் சாட்சிக் கையெழுத்து. "பிறகென்ன?" என்றாள் அம்மா. ஸ்ட்ராட்ஃபோர்ட் வரும்வரைக்கும் யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

நாலாவது நன்றி. அதைத் தனியாக எழுத வேண்டியதில்லை என்று நினைக்கிறேன், மேலே முழுக்க அதுதான். எல்லாவற்றையும் இழந்து வந்த ஒரு பிள்ளை, தனக்கென்று ஒரு வீட்டை உண்டாக்கி, அதில் ஒரு குசினி மேசை போட்டு, அந்த மேசையில் கேக்குக்கும் இடம் வைத்து, தாய் தகப்பனுக்கும் இடம் வைத்து, என்னுடைய விளக்குக்கும் இடம் விட்டார். மேசை பெரிதல்ல. நாலு பேர் இருந்தால் முழங்கை முட்டும். நான் அந்த மேசையில் இருந்து சாப்பிட்டவன், ஆனால் அண்ணையின் நாளுக்குப் பக்கத்தில் வேறு எதையும் வைக்க இடமில்லை என்றே இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மணவறையைச் சுற்றி எத்தனையோ விளக்கு எரியும். அன்றைக்கு நான் இன்னொன்றும் கொண்டு வருவேன். சின்னப் பித்தளை விளக்கு, ஒரு மூலை போதும். ஹோல்காரரிடம் அனுமதி கேட்கும் பொறுப்பை உன்னிடம் விடுகிறேன், எனக்குப் பயம். நான் மறந்து நின்றால் நீ ஏற்று, நீ மறந்தால் மீரா ஏற்றட்டும். இப்போது மூன்று பேருக்குத் தெரியும், அம்மாவோடு நாலு. வாசலில் நான் சிரிக்கத்தான் போகிறேன், பழகிக்கொண்டிருக்கிறேன். பந்தியில் சாம்பார் வாளியை யாராவது பெரிய குரல்காரரிடம் கொடுக்கச் சொல்.

முந்தாநாள் எழுதிய பக்கங்களை வெட்டித் திருத்தாமல் அப்படியே விடுகிறேன், நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பது உனக்குத் தெரியட்டும். மூன்றாவதாக நான் எழுதியது பிழை, மகனே. நாளை மாற்ற வேண்டாம். அது உன் பெரியப்பா வருகிற நாள்.

அன்புடன்,
அப்பா